கேமரன் மலையில் புல் வெட்டும் குத்தகை: கைக்கு வருவது எவ்வளவு, கையில் நிற்பது எவ்வளவு?

சொந்தத் தொழில் செய்து வாழ வேண்டும் என்னும் ஆர்வம் தோட்டப்புறங்களில் வாழும் நம் மக்களிடையே, குறிப்பாக இளைஞர்களிடையே, பரவலாகக் காணப்படுகின்றது. அவ்வாறு எண்ணுவோரின் கண்ணில் முதலில் படும் தொழில்களுள் புல் வெட்டும் குத்தகையும் ஒன்று. இதற்குக் கடை வாடகை வேண்டுவதில்லை. பெரிய படிப்பும் வேண்டுவதில்லை. தோளில் மாட்டும் ஓர் இயந்திரமும் அதனை ஏற்றிச் செல்ல ஒரு வாகனமும் இருந்தால் போதும் என்பது பொதுவான கருத்து. நிரைகளுக்கு நடுவே லாலான் வெட்டிப் பழகிய கைகளுக்கு இவ்வேலை புதியதும் அன்று.

இக்கருத்தில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதி கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றது. அதனைப் பார்க்காமல் பெரட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டு இத்தொழிலில் இறங்குவோர் ஓராண்டுக்குள் இயந்திரத்தை விற்க நேரிடலாம். ஆகவே தொழில் நல்லதா கெட்டதா என்று வாதிடுவதைக் காட்டிலும், அதில் வரும் பணம் எங்கெங்கே செல்கின்றது என்று பார்ப்பதே பயன் தரும்.

இதற்குப் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையை எடுத்துக்கொள்வோம். பால்மரத் தோட்டங்கள் உள்ள சமவெளியிலும் இத்தொழில் உண்டு. ஆயினும் இத்தொழிலின் இடர்கள் யாவும் ஒருங்கே கூடி நிற்குமிடம் மலைதான். சரிவு, மழை, தூரம், சுற்றுப்பயணிகளை நம்பிய வருமானம் ஆகிய நான்கும் அங்கே உள்ளன. மலையில் கணக்குப் போடக் கற்றவருக்குச் சமவெளிக் கணக்கு எளிதாகும்.

கேமரன் மலை மாவட்டம் ரிங்லெட், தானா ராத்தா, உலு தெலோம் என்னும் மூன்று முக்கிம்களைக் கொண்டது. 1929-ஆம் ஆண்டில் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் என்பவர் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. உலகெங்கும் வணிகம் சரிந்து கிடந்த அந்த ஆண்டுகளில் காட்டைத் திருத்திக் கன்று நட்டு, கொழுந்து கிடைக்கும்வரை அவர்களால் காத்திருக்க முடிந்தது. கையில் முதல் இருந்ததே அதற்குக் காரணம். புல் வெட்டும் சிறு குத்தகையாளர் அத்தகைய முதலாளி அல்லர். அடுத்த வாரத்துப் பெட்ரோலுக்கே இந்த வாரத்துக் கூலியை எதிர்பார்ப்பவர் அவர்.

தேயிலை மலைகளைச் சுற்றியே அவருக்கு வேலை இருக்கின்றது. தங்கும் விடுதிகள், ஓய்வு மாளிகைகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், பள்ளிகள், கோயில் வளாகங்கள் ஆகியவற்றின் புல்தரைகளை மாதந்தோறும் வெட்டியாக வேண்டும். சாலையோரப் புல் வேறு வகை. தீபகற்பத்தின் கூட்டரசுச் சாலைகளைப் பராமரிக்கும் பொறுப்பு 2001-இல் தனியார் நிறுவனங்களிடம் நீண்ட காலக் குத்தகையாக ஒப்படைக்கப்பட்டது. அத்தகைய பெரிய குத்தகையில் சிறியவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கிளைக் குத்தகையே. மேலிருந்து ஒவ்வொரு கை மாறும்போதும் விலை சிறிது குறையும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஒரு மாதக் கணக்கு

ரிங்லெட்டில் வாழும் ஒருவர் தனியாகவே இத்தொழிலைச் செய்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். பின்வரும் தொகைகள் எடுத்துக்காட்டுக்காக நாம் வைத்துக்கொண்டவை. வாசகர்கள் தம் ஊர் விலைக்கு ஏற்ப மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அவரிடம் பன்னிரண்டு இடங்கள் உள்ளன. ஒவ்வோர் இடத்தையும் மாதத்திற்கு இரண்டு சுற்று வெட்டுகின்றார். ஒரு சுற்றுக்குச் சராசரி 150 வெள்ளி. நாளொன்றுக்கு ஓர் இடம் வீதம் இருபத்து நான்கு நாள் உழைத்தால் 3,600 வெள்ளி வருகின்றது. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஆகஸ்டு முதல் எல்லா முதலாளிகளுக்கும் 1,700 வெள்ளியாக விதிக்கப்பட்டது. அதனோடு ஒப்பிட்டால் 3,600 என்பது இரு மடங்குக்கும் மேல். இவ்விடத்தில்தான் பலர் மனக்கணக்கை நிறுத்திவிடுகின்றனர்.

நாம் தொடர்ந்து கழிப்போம். இயந்திரத்திற்கும் வாகனத்திற்கும் பெட்ரோல், எண்ணெய் 450 வெள்ளி. ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் மலைப்பாதை. ஏற்றத்தில் சுமையோடு செல்லும் வாகனம் சமவெளியில் குடிப்பதைவிட அதிகமாகவே குடிக்கும். நைலான் நூல், வெட்டுத் தகடு, பழுதுபார்ப்பு 150 வெள்ளி. பழைய வேன் ஒன்றுக்கு மாதத் தவணை 500 வெள்ளி. சாலை வரி, காப்புறுதி, டயர் ஆகியவற்றில் மாதப் பங்கு 150 வெள்ளி. தலா 1,000 வெள்ளியில் இரண்டு இயந்திரங்கள் வாங்கி அவை இரண்டாண்டு உழைத்தால் மாதத்திற்கு 85 வெள்ளி தேய்மானம். தொலைபேசி முதலிய சில்லறைச் செலவு 50 வெள்ளி. ஆக மொத்தம் 1,385 வெள்ளி. கையில் நிற்பது 2,215 வெள்ளி.

இதுவும் மோசமில்லையே என்று தோன்றலாம். ஆனால் தோட்டத்து வீட்டை நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. தோட்டத்தில் வேலை உள்ளவரைதான் வீடு. பெயர் செக்ரோலிலிருந்து நீங்கினால் வீட்டுச் சாவியையும் கொடுத்தாக வேண்டும். வெளியே ஓர் அறைக்கோ சிறு வீட்டிற்கோ 500 வெள்ளி வாடகை என்று கொண்டால் எஞ்சுவது 1,715 வெள்ளி. தோட்டச் சம்பளத்தைக் காட்டிலும் 15 வெள்ளி கூடுதல்! அதுவும் தோட்டத்தில் முதலாளி செலுத்தும் ஊழியர் சேமநிதிச் சந்தா இல்லாமல். 1,700 வெள்ளிச் சம்பளத்திற்கு முதலாளியின் 13 விழுக்காடு 221 வெள்ளியாகும். அதனையும் கூட்டினால் தோட்டத்து வேலையே மேலாக நிற்கின்றது. வீடு என்பது கண்ணுக்குத் தெரியாத சம்பளம். அது நின்ற பிறகே அதன் மதிப்பு தெரிகின்றது.

மழைக் காலத்தில்

பால்மரத் தொழிலாளர்களுக்கு மழையைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டை நனைந்தால் அன்று வெட்டில்லை. மங்கில் நீர் சேர்ந்தால் பால் கெட்டது. புல் வெட்டுவோரின் நிலை இதனினும் விந்தையானது. மழையினால் புல் வளர்கின்றது. மழையினாலேயே வெட்டவும் முடியாமற் போகின்றது. ஈரப் புல் கட்டியாகத் திரண்டு இயந்திரத்தைத் திணறச் செய்யும், சரிவு வழுக்கும்.

தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை உச்சம் பெறும். ஏப்ரல், மே மாதங்களில் மற்றுமொரு சிறிய உச்சம் உண்டு. நம் எடுத்துக்காட்டில் நவம்பர் மாதத்தில் ஆறு சுற்று தவறினால் வரவு 2,700 வெள்ளியாகக் குறையும். பெட்ரோல் 350 ஆகலாம். நைலான் நூல், தகடு 120 ஆகலாம். ஆனால் வேன் தவணை மழை பார்த்து நிற்பதில்லை. கையில் 1,445 வெள்ளி. வாடகை போக 945 வெள்ளி.

தவறிய சுற்றோடு இது முடிவதுமில்லை. இரண்டு வாரத்தில் வெட்ட வேண்டிய புல்லை நான்கு வாரம் கழித்து வெட்டும்போது அது முழங்காலளவு நிற்கும். உழைப்பும் எண்ணெயும் இரட்டிப்பாகும். கூலி அதே 150 வெள்ளிதான். சுற்றுக்கு இவ்வளவு என்று பேசாமல் ஆண்டு முழுமைக்கும் ஒரே மாதத் தொகையாகப் பேசி, அடைமழையில் தவறும் சுற்றை வறண்ட மாதத்தில் ஈடு செய்யலாம் என்று எழுதிக்கொள்வது இதற்கு ஒரு வழி. சனவரி, பிப்ரவரி மாதங்களிலும் சூன், சூலையிலும் மழை தணிவதால் இது நடைமுறைக்கு ஒத்ததே.

சரிவைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. பள்ளிக்கூடக் கணக்குத்தான், ஆனால் பணம் அதில் அடங்கியுள்ளது. கட்டட வரைபடத்தில் காட்டப்படும் பரப்பு மேலிருந்து பார்க்கும் தட்டையான பரப்பாகும். 30 பாகை சரிவுள்ள நிலத்தில் வரைபடத்தில் 100 சதுர மீட்டர் என்றிருப்பது தரையில் 115 சதுர மீட்டருக்குச் சற்றே மேல். வரைபடத்தைப் பார்த்து விலை குறிப்பிடுபவர் நூற்றுக்குப் பதினைந்து பங்கு புல்லை இலவசமாக வெட்டித் தருகின்றார். சரிவில் நின்று வெட்டும் மெதுவான வேலைக்கு உரிய கூடுதல் நேரம் வேறு. விலை சொல்வதற்கு முன் நிலத்தை நடந்து பார்க்க வேண்டும். கற்கள், வடிகால், குளவிக்கூடு ஆகியவையும் அப்போதுதான் கண்ணில் படும்.

பணம் எப்போது வரும்?

வேலை முடிந்த அன்றே பணம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் தனி வீட்டுக்காரர்கள். விடுதிகளும் நிறுவனங்களும் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்துக் கொடுப்பது உண்டு. பன்னிரண்டு இடங்களில் மூன்று மட்டும் அறுபது நாள் தவணையில் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், மாதம் 900 வெள்ளி வீதம் எந்நாளும் 1,800 வெள்ளி பிறர் கையில் நிற்கும். அது இலாபமாகப் புத்தகத்தில் இருக்கும். பெட்ரோல் நிலையத்தில் செல்லாது. அரசாங்க அலுவலகங்களின் வேலையில் பணம் வராது என்னும் அச்சம் இல்லை. ஆனால் பத்திரங்கள் ஒன்றுகூடக் குறையாமல் இருக்க வேண்டும். ஒரு கையொப்பம் விடுபட்டாலும் கோரிக்கை திரும்பிவிடும். எழுத்து வேலையைச் சிறுமையாக எண்ணுவோர் அதற்கு விலை கொடுக்க நேரிடும்.

கேமரன் மலைக்கே உரிய மற்றோர் இடர், அதன் விருந்தினர்கள் வெளியூரிலிருந்து வருபவர்கள் என்பதாகும். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. இடையிடையே தளர்த்தப்பட்டாலும், மாநிலம் கடந்து செல்லும் தடை நீங்கியது 2021 அக்டோபர் 11 அன்றுதான். அக்காலத்திலும் புல் வளர்ந்தது. ஆனால் அறைகள் காலியாகக் கிடக்கும் விடுதி தோட்டத்து அழகுக்குச் செலவிடும் என்று எதிர்பார்க்க முடியுமா? பன்னிரண்டில் பத்து இடமும் விடுதியாக வைத்திருப்பவரின் நிலையையும், பள்ளி, குடியிருப்பு, கோயில் எனக் கலந்து வைத்திருப்பவரின் நிலையையும் எண்ணிப் பார்க்கலாம். விடுதிக்காரர் அதிகம் கொடுக்கலாம். குடியிருப்புக்காரர் குறைத்தே கொடுக்கலாம். இரண்டும் வேண்டும்.

வேலை பெருகினால் உதவியாள் தேவைப்படும். அன்று முதல் தொழிலாளியாக இருந்தவர் முதலாளியாகின்றார்; முதலாளிக்குரிய கடமைகளும் வந்து சேர்கின்றன. முழு நேர உதவியாள் ஒருவருக்கு 1,700 வெள்ளி, சேமநிதிக்கு 221 வெள்ளி, சொக்சோ சந்தாவும் வேலைக் காப்புறுதிச் சந்தாவும் ஏறத்தாழ 32 வெள்ளி என ஏறத்தாழ 1,950 வெள்ளி மாதந்தோறும் தேவை. அதாவது உதவியாள் வந்த பின் குறைந்தது பதின்மூன்று சுற்று கூடுதலாகக் கிடைத்தால்தான் அவர் சம்பளமே தேறும். அச்சுற்றுகளுக்கான பெட்ரோல் அதற்கு மேல். இச்செலவை மிச்சப்படுத்த அனுமதிச் சீட்டில்லாத அந்நியத் தொழிலாளரை வைத்துக்கொள்ளலாம் என்று எவரேனும் யோசனை சொன்னால், குடிநுழைவுச் சட்டப்படி ஒருவருக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதமோ சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். ஒரே சோதனையில் தொழிலே முடிந்துவிடும்.

விபத்தும் கடனும்

சுழலும் தகடு எறியும் கல் பக்கத்தில் நிற்கும் காரின் கண்ணாடியை உடைக்கலாம். பணம் கொடுத்து ஈடு செய்யலாம். அதே கல் கண்ணில் பட்டால் எதைக் கொடுத்து ஈடு செய்வது? முகமறைப்பும் காலுறையும் அணியாமல் இவ்வேலையைச் செய்வதை வீரமென்று கருதுவோரும் உளர், அது வீரமன்று. தோட்டத்தில் காயம்பட்டால் கிராணியார் பாரம் எழுதுவார், சொக்சோ பார்த்துக்கொள்ளும். தனித் தொழில் செய்பவருக்கு அது தானாக வருவதில்லை. சுயதொழில் செய்வோர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, முதலில் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் 2020 முதல் மேலும் பத்தொன்பது துறையினருக்கும் விரிவாக்கப்பட்டது. அவ்வாறு விரிந்தபோது மிகக் குறைந்த திட்டத்தின் சந்தா மாதத்திற்கு 13 வெள்ளி 10 காசு. ஒரு சுருள் நைலான் நூலின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க தொகை இது. முதுமைக்கும் அவ்வாறே. மாதச் சம்பளம் இல்லாதவர் சேமநிதியில் தாமே செலுத்தலாம். ஐ-சாரான் திட்டத்தின்கீழ் அரசாங்கம் 2025-இல் செலுத்தும் தொகைக்கு 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, கூடுதலாக வழங்கியது.

முதலுக்குக் கடன் வாங்குவோர் யாரிடம் வாங்குகின்றோம் என்பதைக் கவனிக்க வேண்டும். தெக்குன் நிறுவனம் 1998 முதல் சிறு தொழில் முனைவோருக்குக் கடனளித்து வருகின்றது. இந்தியச் சமூகத்தினருக்கென அதில் ஸ்பூமி என்னும் தனித் திட்டமும் அமைந்தது. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டிற்கு மேல் வட்டி கேட்கச் சட்டத்தில் இடமில்லை. 5,000 வெள்ளிக்கு ஓராண்டில் 900 வெள்ளி; அதுவே மிகுதி. ஆலோங்குகளிடம் செல்வோருக்கு வட்டியைக் கணக்கிட விழுக்காடு போதாது. முதல் இயந்திரத்தைச் சேமிப்பிலிருந்து வாங்க முடியாதவர் சிறிது காலம் பொறுத்திருப்பது நன்று.

தொடங்குவது எவ்வாறு?

இத்துணை இடர் சொன்ன பிறகு இத்தொழிலே வேண்டாம் என்று வாசகர்கள் கருதிவிடக் கூடாது. இதில் நிலைத்து நிற்க வழி உண்டு. கணவன் மனைவி இருவரில் ஒருவர் தோட்ட வேலையில் தொடர்ந்தால் வீடு நிற்கும், சேமநிதி நிற்கும், மழை மாதத்தில் அரிசிக்குக் குறைவிராது. வெட்டு முடிந்த பிற்பகல்களிலும் ஞாயிறுகளிலும் நான்கைந்து இடங்களை மட்டும் எடுத்து ஓராண்டு நடத்திப் பார்க்கலாம். நவம்பரையும் சேர்த்துப் பார்த்த பின்னரே இத்தொழில் தமக்கு ஏற்றதா என்று சொல்ல முடியும்.

இடங்கள் ஒன்றுக்கொன்று அருகில் அமைய வேண்டும். தானா ராத்தாவில் ஒன்று, கம்போங் ராஜாவில் ஒன்று என்று சிதறிக் கிடக்கும் பன்னிரண்டைக் காட்டிலும் ஒரே சாலையில் உள்ள எட்டு மேலானது. ஒரே நாளில் இரண்டை முடிக்கலாம். வேன் ஒருமுறைதான் ஏறும். பக்கத்து வளைவில் ஒருவர் 150-ஐ 110 ஆக்கித் தருகிறேன் என்று வந்தால் அவரோடு போட்டியிட்டு விலையைக் குறைக்க வேண்டா. மேலே நாம் போட்ட கணக்கில் சுற்றுக்கு 110 என்று வைத்தால் வரவு 2,640. வாடகையும் செலவும் போக 755 வெள்ளி. அந்த விலைக்கு வெட்டுபவர் தம் இயந்திரத்தின் தேய்மானத்தைத் தின்றுகொண்டிருக்கின்றார். அடுத்த இயந்திரம் வாங்க அவரிடம் பணம் இராது.

தொழில் தொடங்கிய முப்பது நாட்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் அதனைப் பதிந்துகொள்ள வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் என்றால் 60 வெள்ளி. இணையத்திலும் பதியலாம். தொழில் வருமானம் உள்ளவர் வருமான வரிக்கு நிரப்ப வேண்டியது பி பாரம். பெட்ரோல், பழுதுபார்ப்புச் சீட்டுகளை ஓர் உறையில் போட்டு வைத்திருந்தால் அப்போது உதவும். இரண்டு வீச்சு இயந்திரத்திற்குப் பெட்ரோலையும் எண்ணெயையும் 25-க்கு 1 என்று கலக்கச் சொல்லியிருந்தால் லிட்டருக்கு 40 மில்லிலிட்டர் என்று அளந்தே ஊற்ற வேண்டும். கண்ணளவில் ஊற்றி எரிந்துபோன இயந்திரத்திற்கு உத்தரவாதம் கிடைப்பது அரிது. புல்லை வெட்டுவதற்குப் பதில் மருந்தடித்துத் தரும்படி கேட்போரும் உண்டு. நாம் தோட்டத்தில் பழகிய பாராகுவாட் 2020 சனவரி 1 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய புட்டி வீட்டில் மிச்சமிருந்தாலும் அதனைக் கொண்டு குத்தகை வேலை செய்யக் கூடாது. வாங்கும் மருந்தின் புட்டியில் பூச்சிமருந்து வாரியத்தின் பதிவெண் உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். தேயிலைச் சரிவுக்கு மேலே அடிக்கும் மருந்து மழையோடு கீழே உள்ள ஓடையில்தான் சென்று சேர்கின்றது.